நீர்க்காகத்துக்குச் சீயக்காய் போட்ட கதை

அந்தக் காலத்தில் மனிதர் கேட்டால் மீனும் பறவையும் பதில் சொல்லும்; சில நேரம் கேட்காமலே சொல்லும். அப்போதெல்லாம் நீர்க்காகத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. முங்கி எழுந்தால் ஒரு சொட்டுகூட நிற்காது. அது எங்கே முங்கியது, எதைத் தின்றது என்று ஒருவருக்கும் தெரியாது.

அந்தக் கரையில் நம்பாயி என்றொருத்தி கடல்பாசி எடுத்துப் பிழைத்துவந்தாள். அவள் புருஷன் கரைவலை இழுப்பவன். இழுக்க இழுக்க வலையில் மீன் குறைந்துகொண்டே வந்தது. ஊரில் கால்வாசிப் பேர் பானை சட்டியை மூட்டை கட்டிக்கொண்டு வேறு கரை தேடிப் போய்விட்டார்கள்.

மிச்சமிருந்தவர்கள் கூடினார்கள். "கடல்ல கொஞ்சத்தை மூடி வைப்போம். மீன் பெருகட்டும்" என்றார் ஊர்த்தலைவர் சாத்தையா. எல்லோரும் ஒரே வாயாகச் சரி என்றார்கள். எந்த இடத்தை மூடினார்கள் தெரியுமா? கிழக்கே இருக்கும் மொட்டைப் பாறையடியை! அங்கே போட்டால் வலை கிழியும் என்று அதுவரை யாரும் போட்டதே இல்லை. ஒருவருக்கும் நட்டமில்லாத இடம் என்பதால்தான் அத்தனை ஒற்றுமை. வருஷம் ஒன்று போயிற்று. வலை பழையபடி காலியாகவே வந்தது.

ஒருநாள் நம்பாயி நெஞ்சளவு தண்ணீரில் பாசி எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கடற்பசு ஒன்று கடற்புல் மேய்ந்துகொண்டிருந்தது. அதனிடம் அங்கலாய்த்தாள்.

"மூடி வச்சும் மீனைக் காணோமே. நாங்க என்னதான் செய்யிறது?"

"தொட்டிலு இங்கன கெடக்கு. நீங்க அங்கன போயி தாலாட்டுப் பாடுறீக" என்றது கடற்பசு, மெல்லுவதை நிறுத்தாமல். "குனிஞ்சு பாரு ஆத்தா."

குனிந்து பார்த்தாள். புல்லுக்கு நடுவே நகத்தளவு நகத்தளவாக ஓரா மீன் குஞ்சுகள். அந்தப் புல்லின் மேல்தான் தினமும் கரைவலை இழுபடுகிறது. இழுப்பதில் அவள் புருஷனும் ஒருவன்.

மறுபடி ஊரைக் கூட்டினாள். இந்தத் தடவை ஒற்றுமை பறந்துபோயிற்று. "புல்லுக்காட்டை மூடிட்டு நாங்க மண்ணையா திங்கிறது?" என்று கத்தினார்கள். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. வலைக்காரர்கள் இழுக்கும் இடத்தை அவர்களையே காட்டச் சொன்னாள்; பாசிக்காரிகளின் தடத்தைக் கேட்டாள்; தோணிக்கு ஒரு வழி விட்டாள். குஞ்சு அடர்ந்த நடுப்பகுதியைச் சுற்றி மட்டும் கம்பு நட்டால் போதும் என்றாள்.

"அதுக்கும் மீன் வரலைன்னா?" என்று கேட்டார் சாத்தையா.

"அடுத்த பங்குனிக்குள்ள வரலைன்னா, நானும் எங்க வீட்டுக்காரரும் இந்தக் கரையை விட்டே போயிர்றோம் மாமா."

பிறந்த கரை, வாழ்க்கைப்பட்டதும் அதே கரை. சொன்ன பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது.

ஊர் ஒப்புக்கொண்டு சுற்றிலும் கம்பு நட்டது. காவலுக்கு யார்? நீர்க்காகம் முந்திக்கொண்டு வந்தது. கூர்மையான கண், வெயிலில் நாளெல்லாம் உட்காரும் பொறுமை. வேறென்ன வேண்டும் என்று நடுவே ஒரு கம்பு நட்டு அதில் உட்காரவைத்தார்கள். யாராவது கம்பைத் தாண்டினால் அது போடும் சத்தத்தில் கரையே திரும்பிப் பார்க்கும். ஒருவரும் தாண்டவில்லை.

ஆனாலும் ஆவணியில் குஞ்சுகள் குறைந்திருந்தன. நம்பாயி நீந்திப் போய்ப் பார்த்தாள். நடுக்கம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மேலே நீர்க்காகம், கழுத்துவரை கொழுத்து, பொட்டு ஈரமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

"யாரும் உள்ள வந்தாகளா?"

"ம்ஹும்" என்றது. வாயாடிப் பறவை அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அலகின் ஓரத்தில் ஒரு குட்டி வால் துடித்துக்கொண்டிருந்தது.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. ஊரில் சொன்னால் கம்பைப் பிடுங்கி எறிவார்கள், அவள் ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான். சொல்லாவிட்டால் குஞ்சு மிஞ்சாது. கரை வரும்வரை யோசித்தாள், கரையேறியதும் சொல்லிவிட்டாள்.

"கம்பைப் புடுங்குங்கப்பா" என்றார் சாத்தையா.

"பொறுங்க மாமா. நாளெல்லாம் வெயில்ல உக்கார வேற யாரு வருவா? நீங்க வருவீகளா?"

சாத்தையா வானத்தைப் பார்த்தார்.

நம்பாயி நீர்க்காகத்தைக் கூப்பிட்டாள். "மீன் அத்துப்போனா ஊரு போயிரும். ஊரு போனாலும் மீன் இல்லாத கடல்ல நீ என்னத்தைத் திம்ப?"

நீர்க்காகம் தலையைத் தொங்கப்போட்டது. "பசிக்குதே அக்கா. பக்கத்துலயே துள்ளுதுக."

"தின்னு. ஆனா மொட்டைப் பாறையடியில போயித் தின்னு. எங்க தின்னன்னு ஊருக்கே தெரியணும்."

சொல்லிக்கொண்டே அதை மடியில் போட்டாள். ஒரு பிடி சீயக்காய்த்தூளைக் குழைத்து, இறகிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் போகத் தேய்த்தாள். அது கத்திய கத்தலை என்ன சொல்ல! அதன்பின் முங்கியபோது இறகு தொப்பலாக நனைந்தது. சிறகை விரித்துக் காயவைக்காமல் அதனால் பறக்கவே முடியவில்லை. பாறையில் சிறகை விரித்தால் சரி. நடுக்கம்பில் விரித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அது ஒருநாளும் நடுக்கம்பில் விரிக்கவில்லை.

பங்குனி கடைசி நாள் வந்தது. நம்பாயி மூட்டை கட்டிவைத்துவிட்டாள். கம்புகளுக்கு வெளியே கரைவலையை வளைத்தார்கள். கயிறு விறைத்தது. அவள் புருஷன் முதலில் வலை கல்லில் மாட்டிவிட்டதென்று நினைத்தான். பாசிக்காரிகளும் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்கள். கரைக்கு வந்தது கல் இல்லை, ஓரா மீன். கையளவு, வலை பிதுங்க.

நம்பாயி மணலில் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ஒரு வருஷமாக அடக்கிவைத்த மூச்சு அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

"அழுதது போதும்டி" என்றார் சாத்தையா. அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "மூட்டையை அவுத்துச் சட்டியை எடு. கொழம்புக்கு நேரமாச்சு."

தூரத்தில் மொட்டைப் பாறையின் மேல் நீர்க்காகம் ஊர் பார்க்கச் சிறகை விரித்து நின்றுகொண்டிருந்தது.

அன்று முதல்தான் நீர்க்காகத்தின் இறகு நனைகிறது. முங்கி எழுந்த கையோடு அது எல்லாரும் காணச் சிறகை விரித்துக் காயவைக்கிறது. காவலுக்கு உட்காருகிற மற்றவர்களுக்கும் ஒரு பிடி தேய்த்துவிட்டிருக்கலாம். என்ன செய்வது, நம்பாயியிடம் அன்றைக்கு இருந்த சீயக்காய் அவ்வளவுதான்.