மேகம் வந்தால் மூடும் நீலப்பூ

மலைத்தோட்டங்களில் வளரும் ஜென்ஷியன் பூ, மேகம் வந்ததும் இதழ்களை மூடிக்கொள்வது மகரந்தம் நனையாமல் இருக்கத்தான் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இவ்வளவு பெரிய பிழை இத்தனை காலம் திருத்தப்படாமல் கிடந்தது மன்னிக்கத் தக்கதன்று. மகரந்தத்தைப் பற்றி அந்தப் பூவுக்கு ஒரு கவலையும் இல்லை. அது மூடிக்கொள்வது பயத்தால்.

அந்தக் காலத்தில் செடிகளும் விலங்குகளும் பேசின. ஜென்ஷியன் கொஞ்சம் அதிகமாகவே பேசியது. மலைச்சரிவில் நஞ்சி என்பவளின் தோட்டத்தில் நான்கு ஜென்ஷியன் செடிகள் ஒரே பாத்தியில் நின்றன. புல்லைப் போன்ற இலை, அடர்நீலப் பூ. வெயிலோ மூடுபனியோ, பூ விரிந்தே இருக்கும்.

அதே சரிவில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. வெயில் அதன் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால் மேகம் இறங்கும்போதுதான் வெளியே வரும். நீலம் தெரிந்தால் அடியில் கொழுத்த வேர் இருக்கும் என்பது அதற்குத் தெரியும். ஒரு நாள் அது பனிக்குள்ளிருந்து நஞ்சியின் குரலில் கேட்டது:

“அக்கா வந்திருக்கேன் கண்ணு. மண்ணைக் கிளறிவிடட்டுமா?”

“கிளறுங்க அக்கா, வேரெல்லாம் இறுகிப்போச்சு” என்றது ஓரத்துச் செடி.

பனி விலகியபோது அங்கே ஒரு குழி இருந்தது.

“உங்க குரல்தான் அக்கா அது!” என்று மற்ற மூன்றும் நஞ்சியிடம் அழுதன.

“அழாதீங்கடி. மேகம் வந்தா பூவை இறுக்கி மூடிக்கோங்க. அப்புறம் நீங்க வெறும் புல்லுதான், எவனுக்கும் அடையாளம் தெரியாது. யார் கூப்பிட்டாலும் வாயைத் திறக்காதீங்க. நானே கூப்பிட்டாலும்.”

அடுத்த முறை மேகம் இறங்கியதும் மூன்றும் மூடிக்கொண்டன. முட்களின் சலசலப்பு பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தது. “கண்ணு, அக்கா வந்திருக்கேன். சத்தியமா நான்தான்.” ஈர மூச்சு இலைகளின்மேல் பட்டது. செடிகள் அசையவில்லை. முள்ளம்பன்றி வேறு சரிவைத் தேடிப் போயிற்று.

பாத்தியில் புல் மண்டியது. மண் ஈரமாக இருந்தால் களை வேரோடு வரும் என்று அந்த ஊரில் எல்லோரும் மேகமூட்டத்தில்தான் களை பறிப்பார்கள். நஞ்சியும் அப்படி ஒரு காலையில் வந்து குனிந்தாள்.

“இதில எது புல்லு, எது நீங்க? ஒரு சத்தம் கொடுங்கடி.”

செடிகள் பூவை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டன.

“முள்ளன் போயிட்டான். சத்தியமா நான்தான்.”

நஞ்சி புல்லை விரலால் விலக்கிப் பார்த்தாள்.

“கொடுக்காட்டிப் போங்க. என் கைக்குத் தெரியாமலா போகும்?”

விரல்கள் ஒரு செடியின் அடியைப் பற்றின. அது கத்தவில்லை. பிடுங்கிய பிறகுதான் தடித்த வெள்ளை வேரை நஞ்சி பார்த்தாள். உடனே நட்டாள், தண்ணீர் ஊற்றினாள், நிழல் கட்டினாள். அது வேர் பிடிக்கவில்லை.

வெயில் வந்ததும் மீதி இரண்டும் விரிந்தன. நஞ்சி வெகுநேரம் அவற்றிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவை பேசவில்லை.

அன்று முதல்தான், ஜென்ஷியன் வளர்ப்பவர்கள் ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுவைக்கிறார்கள்.