கரடி பார்த்த ஆண் பாம்பு

ஒரு காட்டில், தனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிய கரடி ஒன்று இருந்தது. மறைப்பானேன், பிள்ளைகளே? அந்தக் கரடி நான்தான்.

என் குகையில் பெருச்சாளித் தொல்லை. சேர்த்து வைத்த கிழங்கெல்லாம் பாழானது. அதனால் இரண்டு மலைப்பாம்புகளைக் குட்டியிலிருந்தே வளர்த்தேன். நன்றாகத் தின்று இரண்டும் பருத்தன. கரடிகளில் ஆண்தான் பெரிது. ஆகவே இவையும் ஆண்களே என்று முடிவு கட்டி, வீரபாகு, இடும்பன் என்று பெயர் வைத்தேன்.

பெருச்சாளிகள் பெருகின. பாம்புகளும் பெருக வேண்டுமே! பக்கத்துப் புதரில் இருந்த பன்றியும் இரண்டு மலைப்பாம்புகளை வளர்த்தது. அவை மெலிந்தவை. பார்த்ததுமே, இரண்டும் பெண் என்று சொல்லிவிட்டேன். ஆளுக்கு ஒன்றை மாற்றிக்கொள்வோம் என்றேன். வெள்ளை மனம் கொண்ட பன்றி உடனே ஒப்புக்கொண்டது.

வழியில் வந்த அழுங்கு, அதாவது எறும்புதின்னி, எதையும் தொட்டுப் பார்த்தே பேசும். "கரடியாரே, வால் தொடங்கும் இடத்தில் இரு பக்கமும் குட்டி நகம் இருக்கும். ஆணுக்கு அது பெரிது. கொஞ்சம் புரட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டது.

"என் கண் போதும், தம்பி" என்று அதை அனுப்பிவிட்டேன்.

வீரபாகு பன்றியிடம் போனது. வந்த பாம்புக்கு அல்லி என்று பெயரிட்டேன்.

பனிக்காலம் வந்தது. ஒருநாள் இடும்பனும் அல்லியும் பின்னிப் பிணைந்து புரண்டன. அடடா, என்ன அன்பு என்று பூரித்து, காட்டையே கூட்டிவந்து காட்டினேன்.

அழுங்கு மட்டும் அருகில் போய்ப் பார்த்தது. "சண்டை போடுகின்றன. அல்லிக்கு ரத்தம் வருகிறது" என்றது.

பதறிப்போய்ப் பிரித்தேன். அல்லியின் விலாத் தோல் கிழிந்திருந்தது. அழுங்கு இரண்டையும் மெல்லப் புரட்டி, நகங்களைத் தடவிப் பார்த்து, இரண்டும் ஆண் என்றது. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

பச்சிலை அரைத்துப் பூசி அல்லியைத் தேற்றினேன். அதைப் பன்றியிடமே கொடுத்துவிட்டு வீரபாகுவைத் திருப்பிக் கேட்க வெட்கமாக இருந்தது. வெட்கம் தீர்ந்து நான் கிளம்புவதற்குள் வெயில் காலமே வந்துவிட்டது.

பன்றி வாசலிலேயே வரவேற்றது. "நல்ல சமயத்தில் வந்தீர்கள் அண்ணே. வீரபாகு முப்பத்திரண்டு முட்டை இட்டிருக்கிறார்" என்றது, மரியாதை சற்றும் குறையாமல்.

முட்டைகளைச் சுற்றிச் சுருண்டிருந்த வீரபாகு என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. குஞ்சு பொரித்ததும் ஒன்று தருவாயா என்று பன்றியிடம் தயங்கிக் கேட்டேன்.

"தாராளமாக. எது பெண் என்று நீங்களே பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்றது.

"நான் வேண்டாம்" என்றேன். "அழுங்கைக் கூப்பிடு."

நீதி: நொடியில் சோதித்து அறியக்கூடியதை ஊகித்துச் சொல்பவர், ஒரு பருவத்தையே இழப்பார்.