உபயம்: கோமதிநாயகம்

"அம்மா, ஒண்ணு அவன் போகணும். இல்லேன்னா நான் போறேன்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்று கத்தினார் கோமதிநாயகம். வயது ஐம்பத்தைந்து. கோபத்துக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

அந்த அம்மா, அவருடைய குரு வேலம்மை. அவருக்கு மடம் கிடையாது. ஊர் ஊராகப் போகிறவர். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற சக்கர வீடுதான் அவருக்கு எல்லாம்.

அதைக் கட்டியது இரண்டு சீடர்கள். இடது சுவர் மாசானம், வலது சுவர் கோமதிநாயகம். ஒரே மாதிரி கட்டித் தொலைத்திருக்கலாம். அதற்கு முதலில் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேச வேண்டுமே!

மாசானம் மரச்சட்டம் அடித்து, இடையில் பஞ்சு திணித்து, வெளியே தகரம் அறைந்தார்.

கோமதிநாயகம் சட்டமே வைக்கவில்லை. வெளியே தகடு, உள்ளே ப்ளைவுட், நடுவில் தெர்மோகோல். பசை போட்டு அழுத்தி, முழுச் சுவரையும் ஒரே பலகையாக நிறுத்தினார். வழவழவென்று இருந்தது. அதைச் சொல்லிச் சொல்லியே மாசானத்தின் உயிரை வாங்கினார்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமை. ஆளுக்கொரு பித்தளைத் தகட்டில் 'உபயம்' என்று போட்டு, கீழே தன் பெயரை வெட்டி, வெளிச்சுவரில் திருகாணியால் முடுக்கினார்கள். கோயில் டியூப் லைட்டில்கூட வெளிச்சம் மறையப் பெயர் எழுதுகிறவர்கள்தானே நாம்.

வண்டி தென்காசிச் சாரலில் நின்றது. மாசானத்தின் சுவர் நனைந்து நாற்றமெடுத்தது. அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

"அவன் சுவராலே உங்க நெஞ்சே கெட்டுப்போச்சு," என்றார் கோமதிநாயகம். "என் சுவரில ஒரு சொட்டு ஈரம் உண்டா? அவனைத் துரத்துங்கம்மா."

வெளியே சுத்தியல் சத்தம். மாசானம் தகரத்தைப் பிரித்து, உளுத்த சட்டத்தை வெட்டிவிட்டுப் புதுக்கட்டை அடித்துக்கொண்டிருந்தார். அவருடைய உபயத் தகடு சேற்றில் கிடந்தது. அதன் திருகாணி ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது. காலையிலேயே அம்மாவிடம் வந்து சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

வேலம்மை இருமி முடித்தார்.

"உன் உபயத் தகடு எங்கே இருக்கு?"

சன்னலுக்குக் கீழே என்றார்.

"உள்பக்கம் அந்த இடத்தை அழுத்து."

அழுத்தினார். கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. பசை எப்போதோ விட்டுப்போய், ப்ளைவுட் ஊறிக் கூழாகிக் கிடந்தது. விரலை எடுத்ததும் கறுப்பாகத் தண்ணீர் வடிந்தது.

கோமதிநாயகம் விரலை வேட்டியில் துடைத்தார்.

"அவன் சுவர் நாறி, காட்டிக்கொடுத்துச்சு," வேலம்மையின் குரலில் சூடு ஏறியது. "உன்னுது வாயை மூடிக்கிட்டே அழுகியிருக்கு. நீயும் அவனை மாதிரி ஒரு துண்டை வெட்டி மாத்து, பார்ப்போம்."

அது முடியாது என்றார். ஒரே பலகை. மொத்தமாகத்தான் இறக்க வேண்டும்.

"தனியா இறக்குவியா?"

"இல்லம்மா. அந்தப் பக்கம் பிடிக்க இன்னொரு ஆள் வேணும்."

சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. கோமதிநாயகம் போட்ட சத்தம் மாசானத்தின் காதிலும் விழாமலா இருக்கும்? வேலையை முடித்துவிட்டுச் சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். வேட்டி சட்டையும் அதே பையில் இருந்தது.

வேலம்மை சன்னல் வழியாக அவரைப் பார்த்தார். பிறகு கோமதிநாயகத்தைப் பார்த்தார்.

"சொல்லு. அவனை அனுப்பிரட்டுமா?"