சடைமுத்து சுமந்த உயிரெழுத்துகள்

ஏரிக்கீழ்ப்பட்டியில் யோசிக்காதவர் யாருமில்லை. அதுதான் அந்த ஊரின் தொல்லை.

ஓர் ஐப்பசியில், மிளகு ஏற்றி வந்த யூத வியாபாரி மழைக்கு ஒதுங்கி, மனைவியின் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஊர்த்தலைவர் ஒச்சப்பர் எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, வலது பக்கத்திலிருந்து படிக்கிறீர்?"

"எபிரேயம் அப்படித்தான். இருபத்திரண்டே எழுத்து. எல்லாம் மெய்யெழுத்து."

"உயிரெழுத்து?"

"எழுதமாட்டோம். பாஷை தெரிந்தவர் வாயில் அது தானே வந்துவிடும். குழந்தைகளுக்கு மட்டும் புள்ளி கோடு வைத்துக் கொடுப்போம்."

மழை விட்டது. வியாபாரி போய்விட்டார். அவர் சொன்னது மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

மறுவாரம் ஏரிக்கரை விரிசல் விட்டது. மேலூர் ஏரியின் மதகு திறந்திருந்ததால் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மதகை மூடச் சொல்லி உடனே எழுதாவிட்டால் ஊர் மிஞ்சாது.

"முழுசாக எழுத நாம் என்ன குழந்தைகளா?" என்றார் ஒச்சப்பர். 'மதகை மூடுங்கள், கரை உடைகிறது' என்பது இப்படி ஆயிற்று: ம்த்க் ம்ட்ங்க்ள், க்ர் ட்க்ற்த்.

"கச்சிதம்!" என்றார் பூசாரி மலையாண்டி. "ஆனா மதகுக்காரர் வாயில உயிரெழுத்து இருக்குமா? எப்பவும் வெத்தலை போடுறவராச்சே, இடம் ஏது?"

"அப்ப உயிரெழுத்தையும் நாமளே அனுப்பிடலாம்" என்றார் ஒச்சப்பர்.

கடிதம் கொண்டுபோக இருந்த சடைமுத்துவை வாய் திறக்கச் சொல்லி, அ முதல் ஔ வரை ஆளுக்கு ஒன்றாக உள்ளே சொன்னார்கள். துண்டால் தாடையைக் கட்டினார்கள்.

"அவர் வாயிலதான் விடணும். வழியில சிந்தினே, தொலைச்சிடுவேன்."

சடைமுத்து நடந்தான். விரல் நுழையும் விரிசல் கை நுழையுமளவு ஆகியிருந்தது. வயலில் ஆட்கள் இருந்தார்கள். கூவியிருக்கலாம்தான். ஆனால் அந்த எழுத்துகளை அதற்கா கொடுத்தார்கள்?

மதகுக்காரர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னடா இது, கொசு நசுக்கின காகிதமா? வாயைத் திறந்து சொல்லேன்."

சடைமுத்து துண்டை அவிழ்த்தான். அவர் தாடையை இரு கையாலும் பிடித்து, தன் வாயை அவர் வாயருகே கொண்டுபோனான். அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலூர் எல்லைவரை துரத்தினார். மதகு திறந்தே கிடந்தது.

அவன் திரும்பியபோது ஊர் இல்லை. கூரைகள் இருந்தன. மழை மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் பெய்துகொண்டிருந்தது. கோயில் மண்டபத்தின் மேல் ஒச்சப்பரும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். சடைமுத்து நீந்திப்போய் ஏறினான்.

"சிந்தலையே?"

இல்லையென்று தலையசைத்தான்.

ஒச்சப்பருக்குக் கண் கலங்கியது. "பன்னிரண்டும் பத்திரம்! ஊர் போனா என்ன?"

அப்போது தூரத்தில் ஒரு படகு போயிற்று.

"கத்துடா சடைமுத்து! உனக்குத்தான் பெரிய தொண்டை!" என்றார் மலையாண்டி.

சடைமுத்து வாயைத் திறக்கப் போனான். ஒச்சப்பர் பாய்ந்து பொத்தினார்.

"மழையில திறக்காதடா! எழுத்தெல்லாம் நனைஞ்சிடும்!"