மூன்று காதம் வந்த சாணி

குறும்பொழில் நாட்டை ஒரு காலத்தில் செண்டலங்கார ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வார், மாலையில் வேறொன்று சொல்வார். இடையில் யாராவது ஒருவர் நாடு கடத்தப்பட்டிருப்பார். விடிந்ததும் பெரிய ஏரியில் முங்கிக் குளிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம் முதல் மழை கொட்டித் தீர்த்தது. ஏரி பாதிக்கு மேல் நிறைந்தது. கூடவே பச்சைப் பாசியும் படர்ந்தது. மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. ராஜாவுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. சிம்மாசனத்தில் அவர் முதுகைச் சொறிய, ராஜா சொறியும்போது சும்மா இருப்பது மரியாதையில்லை என்று சபையோரும் சொறிந்தார்கள்.

மந்திரி மலைக்கொழுந்து மட்டும் சொறியாமல் யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குள் தாண்டவராயர் எழுந்துவிட்டார். நாட்டிலேயே பெரிய மாட்டுப் பட்டிக்குச் சொந்தக்காரர். மந்திரி தும்மினால்கூட அதில் ஒரு குற்றம் கண்டுபிடிப்பவர்.

"மகாராஜா, ஏரிக்கரையில் வண்ணாரத் தெரு இருக்கிறதே, ஊர் அழுக்கெல்லாம் அங்கேதான் கரைகிறது. அவர்களைக் குடிவைத்தது நம் மந்திரியார்தான்."

"ஏரி நிறைந்து மறுகால் பாயும் அன்று அந்தத் தெரு காலியாக வேண்டும்!" என்றார் ராஜா, சொறிவதை நிறுத்தாமல்.

அரண்மனை வாசலில் அந்தத் தெரு வெள்ளாயி மந்திரியை மறித்தாள். "ஏஞ்சாமி, நாங்க துவைக்கிறது கரைக்கு அந்தாண்ட, மதகுக்குக் கீழ. கீழ ஓடுற தண்ணி கரையேறிப் போயி ராசா முதுகத் தடவிச்சாக்கும்? எங்க அழுக்குக்கு அம்புட்டு ஆசையா?"

மலைக்கொழுந்துக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தெருவின் பிள்ளைகுட்டிகளை நினைத்ததும் அது அடங்கியது. "ராஜா கரைக்கு அந்தப் பக்கம் போனதே இல்லை, தாயி. அரிக்கிறவர் காதில் நியாயம் ஏறாது. பார்க்கிறேன்."

"பாத்துக்கிட்டே இருந்துறாதீங்க சாமி. வானம் கறுத்துக் கெடக்கு."

ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு மந்திரி மேலே நடந்தார். வாய்க்கால் ஒரு காட்டாற்றில் கொண்டுபோய் விட்டது. காட்டாறு ஓர் ஓடையைக் காட்டியது. ஓடை, மூன்று காதம் தள்ளி, ஒரு மலைச்சரிவில் போய் நின்றது. அங்கே மலைக்குப் பக்கத்தில் இன்னொரு மலை: தாண்டவராயரின் பட்டிச் சாணி. வயலுக்கு ஏற்றி அனுப்ப வண்டி கட்டச் சோம்பல்பட்டு ஓடைக்கரையிலேயே குவித்திருந்தார். மழை அதை அரித்துக்கொண்டு இறங்கிய தடம் ஓடைவரை பச்சையாக இருந்தது.

சபையில் இதைச் சொன்னதும் ராயர் துள்ளினார். "மூன்று காதம்! நடுவில் பாறை மேடு, இரண்டு ஊர். என் மாட்டுச் சாணிக்குக் காலா முளைத்திருக்கிறது? என் சரிவுத் தண்ணீர் ஒரு சொட்டுகூட ஏரிக்கு வருவதில்லை. குலதெய்வத்தின் மேல் ஆணை!"

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஏன் கொழுந்து, சாணி நடந்து வந்ததா, பல்லக்கில் வந்ததா?"

மலைக்கொழுந்தும் சேர்ந்து சிரித்து வைத்தார். இன்னொரு மழை பெய்தால் ஏரி நிறைந்துவிடும். "போகட்டும் மகாராஜா. மறுகால் பாய்கிற அன்று ஒருவருக்குத் தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டி யானைமேல் ஏற்றுவது நம் வழக்கம். வருஷா வருஷம் சேனாபதிக்கே கட்டுகிறோம். அவர் ஏரிக்கு ஒரு செம்புத் தண்ணீர் விட்டிருப்பாரா? இந்த முறை எவர் நிலத்து மழை ஏரியை அதிகம் நிரப்புகிறதோ, அவர் தலையில் கட்டலாமே!"

புதிதாக எதையாவது சொன்னால் ராஜாவுக்கு வெல்லம் தின்ற மாதிரி. உடனே தண்டோரா போடச் சொன்னார்.

மறுநாள் சபையில் சந்தை இரைச்சல். "என் புளியந்தோப்புத் தண்ணீர்தான்!" "போமய்யா, உம் தோப்புத் தண்ணீர் எறும்பு குளிக்கக் காணாது! எங்கள் மேட்டுக்காட்டைக் கேளும்!"

தாண்டவராயர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பரிவட்டம் இன்னொருவன் தலையில் ஏறுவதை நினைத்ததும் பொறுமை போய்விட்டது. "நிறுத்துங்கள்! ஏரியில் பாதி என் சரிவுத் தண்ணீர்!"

"நடுவில் பாறை மேடு இருக்கிறதே, ராயரே?" என்றார் மந்திரி மிகவும் பணிவாக.

"பாறையில் பிளவு இருக்கிறது, தெரியுமா உமக்கு? சரிவில் விழுவது ஓடைக்கு. ஓடை காட்டாற்றுக்கு. காட்டாறு ஏரிக்கு. அதற்கு வேறு போக்கிடமே கிடையாது! என் பட்டி வாசலில் கூடை கூடையாகச் செவ்வந்தி கொட்டச் சொல்கிறேன். ஏரி முகப்பில் நின்று வாங்கிக்கொள்ளுங்கள்!"

மழை பிடித்தது. பூவைக் கொட்டினார்கள். ராஜாவும் சபையும் குடைக்குக் கீழே நெருக்கியடித்துக்கொண்டு வாய்க்கால் ஏரியில் சேரும் இடத்தில் காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து ஒரு பூ வந்தது. பின்னாலேயே கூட்டமாக வந்தன.

"பார்த்தீர்களா! என் பூ! என் தண்ணீர்!" ராயர் குதித்தார்.

ராஜா ஆசையாக ஒரு பூவை எடுத்து முகர்ந்தார். முகம் கோணிப்போயிற்று. இதழ் இதழாகச் சாணி அப்பியிருந்தது.

"பூவுக்கு வழிவிட்ட தண்ணீர் சாணியிடம் மட்டும் சுங்கம் கேட்டு நிறுத்துமா, மகாராஜா?" என்றார் மலைக்கொழுந்து. "மேட்டில் எதைப் போட்டாலும் பள்ளத்தில் இருப்பவர் வாசலுக்கு அது வந்துவிடும். வழியை ராயரே சொல்லிவிட்டார்."

"தண்ணீர் என்னுடையதுதான்... ஆனால் சாணி..."

"சாணி யாருடையது?" என்றார் ராஜா.

ராஜா பரிவட்டத்தை எடுத்து ராயர் தலையில் இறுக்கிக் கட்டினார். "சொன்ன சொல் மாறமாட்டேன்."

ராயருக்கு உயிர் வந்தது. "யானை, மகாராஜா?"

"யானை உம் சாணியை வயலுக்குச் சுமக்கும். நீர் கூடையை நிரப்பிக் கொடுத்துக்கொண்டு அதன் பின்னால் நடப்பீர். சரிவு சுத்தமாகும்வரை பரிவட்டத்தை அவிழ்க்கக் கூடாது."

பிறகு தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கொழுந்து?"

"வண்ணாரத் தெரு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்."

"இருக்கட்டும்! மறுகாலன்று அவர்களுக்கு அரண்மனை விருந்து."

ஏரி உடனே தெளிந்துவிடவில்லை. கெடுக்க ஒரு மழை போதும். தெளியப் பல மழை வேண்டும். சாணி முழுவதும் வயலுக்குப் போய்ச் சேர்ந்த அன்று ராயர் தலை கவிழ்ந்தபடி ஊருக்குள் வந்தார். பரிவட்டம் பட்டா, சாக்கா என்றே தெரியவில்லை. தெருமுனையில் நின்ற வெள்ளாயி கையை நீட்டினாள்.

"குடுங்க ராயரே, வெளுத்துத் தர்றேன். எங்க தெரு இன்னும் இங்கனதான் இருக்கு."