ஒரே ஒரு 'கீச்!'

கல்லாற்றுக் காட்டில் குட்டிகளுக்கும் குஞ்சுகளுக்கும் பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதன் தலைவர் கருமுகன் என்ற குரங்கு.

ஒருநாள் யானை ராஜாவிடமிருந்து உத்தரவு வந்தது. "இனிமேல் காடு முழுவதும் ஒரே பாடம்! எந்த ஆபத்து வந்தாலும் எல்லாப் பிள்ளைகளும் 'கீச்' என்றுதான் கத்த வேண்டும். பத்தாம் நாள் பரீட்சை!"

கருமுகன் உடனே ராஜாவிடம் ஓடியது. "சங்கம் முழு மனதோடு வரவேற்கிறது!" என்று சொல்லிவிட்டு வந்தது. சங்கத்தில் ஒருவரைக்கூட அது கேட்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் ஆசிரியர்கள் நாவல் மரத்தடியில் கூடிவிட்டார்கள்.

"தலைவரே, இது சரிப்பட்டு வராது!" என்றது சாம்பி. ஏழு தலைமுறைக் குஞ்சுகளுக்குப் பாடம் எடுத்த காட்டுக்கோழி அது.

"ஏன் வராது, டீச்சர்? போன மாதம் மேற்கு மலையிலிருந்து வந்த மான்குட்டி, நம் பிள்ளைகள் கத்தியது புரியாமல் விழித்துக்கொண்டு நின்றதே! ஒரே சத்தம் என்றால் எல்லோருக்கும் புரியும்."

"அது நியாயம்தான். ஆனால் பருந்து வந்தால் நான் 'கொர்ர்' என்பேன். குஞ்சுகள் புதருக்குள் பதுங்கும். நரி வந்தால் 'கெக்கெக்' என்பேன். கிளைக்குத் தாவும். இரண்டுக்கும் 'கீச்' என்றால் பதுங்குவதா, தாவுவதா?"

"போகப் போகப் பழகிவிடும்!"

"பழகுகிற வரைக்கும் உயிரோடு இருக்க வேண்டுமே!" என்றது முயல் வாத்தியார்.

எல்லோரும் சிரித்தார்கள். கருமுகனுக்கு முகம் இன்னும் கறுத்தது. "சங்கம் வாக்குக் கொடுத்தாயிற்று. கூட்டம் முடிந்தது!"

பரீட்சை நாளும் வந்தது. குளத்தின் அக்கரையில் ராஜா உட்கார்ந்திருந்தது. இக்கரையில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கருமுகன் கிளையில் நின்று சங்கத்தின் பெருமையைப் பேச ஆரம்பித்தது. அது பேச்சை முடிப்பதாக இல்லை.

அப்போது ஒரு முயல்குட்டி நாணலுக்குள் சிறுத்தையைப் பார்த்துவிட்டது.

"கீச்!"

"கீச்! கீச்!" என்று மற்ற பிள்ளைகளும் கத்தினார்கள். பாதிப் பேர் வானத்தைப் பார்த்தார்கள். மீதிப் பேர் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டு விழுந்தார்கள். கீரிக்குட்டி ஒன்று, "பரீட்சை ஆரம்பித்துவிட்டதா?" என்று விறைப்பாக நின்றது.

கருமுகனோ பருந்துதான் வருகிறது என்று நினைத்துக் கிளையிலிருந்து கீழே குதித்தது. நேராகச் சிறுத்தையின் முன்னால்!

"ப... பருந்து எங்கே?" என்று உளறியது.

"பருந்தா? நான் மட்டும்தான் வந்திருக்கிறேன்" என்றது சிறுத்தை.

"கெக்கெக்! கெக்கெக்!" என்று அடித்தொண்டையில் கத்தியது சாம்பி டீச்சர். குஞ்சுகள் சட்டென்று கிளைக்குத் தாவின. அவற்றைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் ஏறவும் பொந்துக்குள் நுழையவும் ஓடினார்கள். கருமுகனும் ஒரே பாய்ச்சலில் மரம் ஏறியது. வால் நுனியில் ஒரு கொத்து முடி மட்டும் சிறுத்தையின் நகத்தில் நின்றுவிட்டது. ராஜா பிளிறிக்கொண்டு தண்ணீரில் இறங்கியதும் சிறுத்தை ஓட்டம் பிடித்தது.

"எல்லோரும் ஃபெயிலா?" என்று கோபமாகக் கேட்டது ராஜா.

"பிள்ளைகள் மேல் தப்பில்லை, ராஜா" என்று கருமுகன் சொன்னது. "டீச்சர் அன்றைக்கே சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை."

ராஜா சாம்பியின் பக்கம் திரும்பியது. "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

"பாடம் பொதுவாகவே இருக்கட்டும், ராஜா. மேலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு சத்தம், கீழிருந்து வருவதற்கு ஒரு சத்தம். மழைக்காலம் முழுக்கப் பழக்குகிறோம். பரீட்சையை அப்புறம் வையுங்கள்."

ராஜா சம்மதித்தது.

பாடத்தை எல்லோருக்கும் பொதுவாக வைக்கலாம்; ஆனால் அதை நடத்தப் போகிறவரைக் கேட்காமல் அவர் சார்பில் யாரும் தலையாட்டக் கூடாது.