நானூறு பைட் மிச்சம்

தணிகாசலம் நிரல் எழுதக் கற்றது நாற்பத்தெட்டாம் வயதில். கற்பித்த மங்கையர்க்கரசி அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆயினும் தணிகாசலத்துக்கு அவர் டீச்சர்தான்.

அன்று காலை தணிகாசலம் ஒரு கடிதத்தோடு வந்தார். தூத்துக்குடி ஐஸ் ஆலை ஒன்றில் அம்மோனியா கசிந்தபோது, இவர்கள் செய்துகொடுத்த எச்சரிக்கைப் பெட்டி நாற்பது வினாடி தாமதமாகக் கூவியிருந்தது. அந்தோணிப்பிச்சை என்ற தொழிலாளிக்கு வலக்கண் போயிற்று. பெட்டிக்குள் எந்த வேலையை எப்போது அழைப்பது என்று பார்த்துக்கொள்ளும் நிகழ்வுச் சுழல் என்ற ஆயத்த நிரல் லைப்ரரிமேல் பழி போட்டது, ஆலைக்கு அனுப்ப அவர் எழுதியிருந்த அந்தக் கடிதம். அடியில் டீச்சரின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

“கசிவுக்குத்தான் முதல் முன்னுரிமைன்னு எழுதியிருக்கேன், டீச்சர். அது தகவல் அனுப்புற வேலையை ஆற அமர முடிச்சிட்டு அப்புறம் அலாரம் அடிச்சிருக்கு. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்ல வேண்டாமா?”

மங்கையர்க்கரசி அமைப்புக் கோப்பைத் திறந்தார். லைப்ரரியில் எது இருக்கலாம், எது கூடாது என்பதைக் கம்பைல் செய்யும்போதே அறுதியிட்டுவிடும் மேக்ரோ வரிகள் அவை. இரண்டு வரிகளில் விரல் வைத்தார். மிகக் குறைந்த முன்னுரிமை: பூஜ்ஜியம். மிக உயர்ந்த முன்னுரிமை: பூஜ்ஜியம்.

“இது யார் வச்சது?”

“நான்தான். சிப்பில இடம் போதலை. முன்னுரிமைப் படிகளை எடுத்தா நானூறு பைட் மிஞ்சிச்சு. நீங்ககூட சபாஷ்னீங்க.”

“சொன்னேன். வண்டியை எடுங்க, அண்ணாச்சி. முதல்ல அந்தோணிப்பிச்சையைப் பார்த்துட்டு வருவோம்.”

கண் மருத்துவமனையில் வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. அதன் கடைசியில் அந்தோணிப்பிச்சை நின்றான். வலக்கண்ணில் பஞ்சு. இடக்கண் சிவந்து நீர் வடிந்தது. மருத்துவர் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார் என்றான்.

தணிகாசலம் அவன் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு எழுத்தரின் சன்னலுக்கு ஓடினார்.

“தம்பி, இருக்கிற கண்ணும் போயிரும். இவரை முதல்ல விடுங்க.”

“அதுக்கென்ன அண்ணாச்சி, எழுதிட்டாப் போச்சு.”

எழுத்தர் சிவப்பு மையில் ‘மிக அவசரம்’ என்று எழுதினார். கீழே இரண்டு கோடும் இழுத்தார். பிறகு சீட்டை அடுக்கின் அடியில் செருகினார். மேசைமேல் இருந்ததே ஓர் அடுக்குதான். அதில் பாதிச் சீட்டுகள் சிவந்திருந்தன.

சிவப்பு மையைக் கண்ட தணிகாசலம் நிம்மதியாக வந்து உட்கார்ந்தார்.

பன்னிரண்டு மணிக்கு மருத்துவரின் கார் வெளியே போயிற்று.

“நாளைக்கு வரச் சொல்றாங்க சார்,” என்றான் அந்தோணிப்பிச்சை.

வாசலில் மங்கையர்க்கரசி ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தார். வேறொரு மருத்துவரிடம் சொல்லியும் வைத்திருந்தார். அவனை ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பினார்.

தணிகாசலம் எழுத்தர் இருந்த பக்கம் கைநீட்டிக் கத்தினார். “எழுதிக் கொடுத்தானே பாவி! ஆகாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா அப்பவே வேற இடம் பார்த்திருப்பேனே!”

மங்கையர்க்கரசி பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“கடிதத்தைக் கொடுங்க, கையெழுத்துப் போடுறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க, அண்ணாச்சி. அந்தப் பெட்டிக்கு நாம எத்தனை அடுக்கு கொடுத்திருந்தோம்?”